ஏழாம் நம்பர் அளவுத்தாள்

எனக்குக் கூட்டம் ஆகாது. மேடை, மைக், பொன்னாடை என்று எது இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு இந்தியக் கலாசார விழாவுக்குப் போய், மூன்றாம் வரிசையில் வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன் என்றால் அதற்கு டெய்லர்தான் காரணம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் நடத்தும் கடை மூன்று. தையல் கடைக்காரி டெய்லர். மருந்துக் கடைக்காரி மாத்திரை. பிரிண்ட், பைண்டிங், லேமினேஷன் என்று எல்லாம் செய்தாலும் எனக்கு ஜெராக்ஸ் என்ற பேரே நிலைத்துவிட்டது. மூவருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது யார் முகத்தில் விழித்தோமோ, அவள் மேல் அன்றைய வியாபாரத்தின் பழியைப் போடுவோம். பத்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் டான்ஸ் மேடம் டெய்லர் கடைக்கு வந்தாள். பன்னிரண்டு பெண்கள் ஆடும் ஆட்டம். பாவாடை, ரவிக்கை, தாடைவரை தொங்குகிற முகத்திரை. வகுப்பு நடப்பது ஊரின் மறுகோடியில். அதனால் அவளே அங்கே அளவெடுத்துத் தாளில் எழுதி வருவதாகச் சொன்னாள். இடுப்பில் மட்டும் டேப் வைக்க விடமாட்டார்களாம், அவரவர் சொல்வதைத்தான் எழுத வேண்டுமாம். தன் அளவுத்தாளில் பன்னிரண்டு நகல் போட டெய்லர் அவளை என்னிடம் அனுப்பினாள்.

"பேருன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை எடுத்துடுங்க" என்றாள் மேடம். "இடுப்பளவுக்குப் பக்கத்துல பேரு இருந்தா பன்னெண்டு பேர்ல எட்டு பேர் ஆடவே வரமாட்டாங்க. நம்பர் போதும். அப்புறம் பாவாடைக்கு நாடா வேண்டாம், கொக்கி போடச் சொல்லுங்க. போன வருஷம் ஒருத்திக்கு மேடையிலயே அவிழ்ந்துடுச்சு."

அந்த அளவுத்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோளிலிருந்து இடுப்புவரை முன்பக்க உயரம் என்று மற்ற டெய்லர்கள் ஒரே ஓர் அளவு எடுப்பார்கள். இவள் தாளில் வலது தனி, இடது தனி. முதல்முதலாக அதை அடித்துக் கொடுத்தபோதே கேட்டேன். "எதுக்குடி ரெண்டு கட்டம்? மனுஷ உடம்பு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?"

"எல்லாருக்கும் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

நிரப்பிய தாள்கள் வந்த அன்று சாயங்காலம், டெய்லர் கழுத்தில் டேப்போடு என் கடைக்குள் நுழைந்து ஒரு தாளை கவுண்டரில் வைத்தாள். ஏழாம் நம்பர். வலது பதினாலரை, இடது பதினாலு.

"மத்த பதினொண்ணுலயும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு" என்றாள். "இது அவதான்."

அவள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். டெய்லருக்குப் பத்து வயசு இளைய தங்கை ஒருத்தி. அப்பா அம்மா போனபின் இவள்தான் வளர்த்தாள். தங்கைக்கு எட்டு வயசில், சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனவள் ஒரு திருப்பத்தில் கீழே போட்டுவிட்டாள். இடது தோளெலும்பு முறிந்தது. கூடியது, ஆனால் சரியாகக் கூடவில்லை. அந்தத் தோள் அரை இஞ்ச் இறங்கியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து பள்ளிச் சீருடை, வீட்டு உடுப்பு, விசேஷ உடுப்பு என்று எது தைத்தாலும் இடது தோளுக்குள் பஞ்சு வைத்த சின்னத் திண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துவிடுவாள். வெளியே பார்ப்பவர்களுக்கு இரண்டு தோளும் ஒரே மட்டம்.

ஆறு வருஷம் முன்னால் அந்தத் தங்கையின் கல்யாணம். நானும் மாத்திரையும் மணப்பெண் அறையில்தான் இருந்தோம். தங்கை ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் பஞ்சை எடுத்துடு. இன்னைக்கு ஒருநாளாவது என் தோளோட நிக்கிறேன்" என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். டெய்லருக்கு என்ன வந்ததோ, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "கோணலா நிப்படி. போட்டோல காலத்துக்கும் கோணலா நிப்ப" என்று போட்டு உடைத்துவிட்டாள். தங்கை அந்த ரவிக்கையைக் கழற்றி மடித்து அக்கா கையில் கொடுத்தாள். ஒரு சிநேகிதியின் ரவிக்கையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். புடவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத நிறம். அப்படியே மேடைக்குப் போய்விட்டாள். டெய்லர் பையை எடுத்துக்கொண்டு தாலி கட்டுவதற்கு முன்பே பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டாள்.

அதோடு சரி. இவளும் போன் பண்ணவில்லை, அவளும் பண்ணவில்லை. ஒரு விரல் தடிமன் பஞ்சுக்கு ஆறு வருஷம். இரண்டு பேரையும் நிற்கவைத்து நாலு வைக்கலாம் போல எனக்கு வரும். ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நான் மூக்கை நுழைப்பதில்லை.

"மேடம்கிட்ட ஏழாம் நம்பர் யாருன்னு கேட்டுட்டா ஆச்சு" என்றேன்.

"கேட்டு, மேடம் போய் அவகிட்ட சொல்லி, அக்கா தச்சா நான் ஆடமாட்டேன்னு அவ சொல்லிட்டா?" டெய்லர் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "வேண்டாம். தச்சுக் குடுக்கிறேன். விழாவுக்குப் போவோம். தோளைப் பார்த்தாலே கண்டுபிடிச்சுடுவேன். அவதான்னு தெரிஞ்சா, நானே போய்ப் பேசிடுறேன். சத்தியமா பேசிடுறேன், ஜெராக்ஸ்."

கண்ணில் தண்ணீர் நின்றது. நான் ஸ்டேப்ளரில் பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைத்தாள். மூன்று வாரம் மிஷின் சத்தம் ஓயவில்லை. பெண்கள் சொல்லும் இடுப்பளவில் எப்போதும் ஒன்றரை இஞ்ச் பொய் இருக்கும் என்பது அவள் அனுபவம். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல் கொஞ்சம் கூட்டியே வெட்டுவாள். பதினொரு பாவாடைக்கும் அப்படிக் கூட்டினாள். ஏழுக்கு மட்டும் கூட்டவில்லை.

"அவ பொய் சொல்லமாட்டா" என்றாள்.

மேடம் வந்து துணிகளை அள்ளிக்கொண்டு போனாள். போகும்போது மரியாதைக்கு மூன்று பாஸ் கொடுத்தாள்.

விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. அடித்தது நான்தான், அதனால் நன்றாகத் தெரியும். நாங்கள் இரண்டே முக்காலுக்குப் போனோம். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் பூவிதழால் இந்திய வரைபடம் போட்டிருந்தது. அதை மிதிக்காமல் உள்ளே போக ஒரு முழ இடம்தான் விட்டிருந்தார்கள். தலைப்பாகை கட்டி, மீசை ஒட்டி, போட்டோ எடுக்கும் ஸ்டால் ஒன்று. மாத்திரை அங்கே போய் மகாராஜா மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். மீசை அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. சொன்னேன், இடுப்பில் கிள்ளினாள்.

டெய்லர் எதையும் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஊசிப்பெட்டி, டேப், கத்திரி. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

நாலேகாலுக்கு விளக்கேற்றினார்கள். வேற்றுமையில் ஒற்றுமை பற்றி ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் ஒன்றையே சொன்னதில் ஒற்றுமை தெரிந்தது. அப்புறம் ஆட்டங்கள் வரிசையாக வந்தன. ஒரு மாநிலத்துக்கு ஆறு நிமிஷம். கம்பை வைத்துக்கொண்டு ஆடினார்கள், விளக்கை வைத்துக்கொண்டு ஆடினார்கள், ஒரு குழு வெறும் கையோடு ஆடிவிட்டுப் போனது. பாட்டு பாதியில் நின்றபோதும் அவர்கள் நிற்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. நிகழ்ச்சிநிரலில் ஒன்பதாவது எங்கள் பன்னிரண்டு பேர். கடைசியில் எல்லாக் குழுவும் மறுபடி மேடையேறி வரிசையாக நிற்க வேண்டும்.

ஒன்பதாவது வந்தது. பன்னிரண்டு பாவாடைகள் ஒரே நேரத்தில் விரிந்து சுழன்றபோது அரங்கமே கைதட்டியது. துணியின் விழுகை அப்படி. தைத்தவள் தட்டவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, வாய் லேசாகத் திறந்து, இடதுகோடியிலிருந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு போனாள். முகத்திரை எல்லார் முகத்தையும் மூடியிருந்தது. தோள்கள்தான் தெரிந்தன. ஒருமுறை பார்த்தாள், திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "யாருக்குமே இறங்கல. எல்லாம் மட்டமா இருக்கு. அவ வரல, ஜெராக்ஸ்."

"சரியாப் பாரு."

"எனக்குத் தெரியாதா? இருட்டுல தடவினாக்கூட அந்தத் தோளைச் சொல்லிடுவேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வருஷம் அவள் தைப்பதைப் பார்த்தவளாயிற்றே. காதோரம் குனிந்து கேட்டேன். "ஏழாம் நம்பருக்கு உள்ள பஞ்சு வச்சியா?"

டெய்லர் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, யாரோ வேற்றாள் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வச்சேன்" என்றாள். "அரை இஞ்ச் குறைச்சல்னு பார்த்ததும் கை தானா வச்சிடுச்சு."

மேடையில் பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் மைக்கைத் தட்டி, "இந்த அழகான உடைகளைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அம்மா நம்மிடையே வந்திருக்கிறார். அம்மா, எழுந்து நில்லுங்கள்" என்றார். அவளாக எழவில்லை. மாத்திரை கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அரங்க விளக்கு எரிந்தது. மேடையில் பன்னிரண்டு முகத்திரைகளும் எங்கள் பக்கம் திரும்பி, இருபத்துநாலு கைகள் தட்டின. ஒரு ஜோடிக் கை தட்டுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், சத்தியம் பண்ணமாட்டேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

உட்கார்ந்ததும் டெய்லர் பேச ஆரம்பித்தாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

"அந்தத் தாளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் அளவு கேக்குற டெய்லர் வேற யாரு இருக்கா? நினைச்சிருந்தா ரெண்டு கட்டத்துலயும் ஒரே அளவைப் போடச் சொல்லியிருக்கலாம். சொல்லல. இருக்கிறது இருக்கிறபடி எழுதி அனுப்பியிருக்கா. நான்தான்க்கா, இப்படித்தான்க்கா இருக்கேன்னு. அதுக்கு நான் என்ன பண்ணியிருக்கேன்? திரும்பவும் பஞ்சை வச்சு அனுப்பியிருக்கேன். திரும்பவும் அதையே பண்ணிட்டேன்."

"அவளுக்காகத்தானே வச்ச" என்றாள் மாத்திரை.

"இல்லடி. சைக்கிளை ஓட்டினது நான். அந்தத் தோளைப் பார்க்க எனக்குத்தான் ஆகல. அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஆகல."

பத்து வருஷத்தில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மேடையில் யாரோ கொட்டு அடித்தார்கள். மாத்திரை கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள். மருந்துக்கடைக்காரிக்கு எல்லாவற்றுக்கும் வாயில் ஏதாவது போட வேண்டும்.

"உள்ள போய்ப் பேசு" என்றேன். "பேசுறேன்னு சத்தியம் பண்ணினியே."

"எந்த மூஞ்சியோட போறது? அவ அதைப் போட்டுக்கிட்டு ஆடியிருக்கா. ஆடுற நேரம் பூரா அந்தப் பஞ்சு அவ தோள்ல இருந்திருக்கு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, போவோம். தலை வலிக்குது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "அன்னைக்கும் பாதியில பையைத் தூக்கிட்டுப் போனவதானே நீ? இன்னைக்கு முடியிறவரைக்கும் இருக்கிற. உக்காரு."

"உனக்கென்ன, ஜெராக்ஸ்..."

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தாள். மாத்திரை எழுந்து இடம் மாறி, நடைபாதைப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டி யாரும் வெளியே போக முடியாது. அவள் உடம்பு அப்படி.

இன்னும் நாலு ஆட்டம் பாக்கி இருந்தது. அது முடிய ஒரு நன்றியுரை. நன்றி சொல்லப்பட்டவர்களில் ஒலிபெருக்கிக்காரர், தண்ணீர் கேன் போட்டவர் எல்லாரும் உண்டு. டெய்லர் தலையைக் குனிந்தபடி மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி.

கடைசியாக எல்லாக் குழுக்களையும் மேடைக்கு அழைத்தார்கள். ஒவ்வொன்றாக வந்து நின்றன. எங்கள் பன்னிரண்டு பேர் வலது ஓரத்தில், முகத்திரையோடு வரிசையாக வந்தார்கள். நான் பார்த்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. அவளே பார்க்கட்டும் என்று அவள் தலையை மட்டும் நிமிர்த்திவிட்டேன்.

கடைசியிலிருந்து மூன்றாவது பெண். இடது தோள் இறங்கியிருந்தது. மேடை வெளிச்சத்தில், பதினொரு ஜோடி நேர்த் தோள்களுக்கு நடுவே, அது எந்தக் கண்ணுக்கும் தப்பாது.

"பஞ்சைப் பிச்சுட்டா" என்றாள் மாத்திரை மெதுவாக. "கோவத்துல பிச்சுட்டாளோ?"

டெய்லர் எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை.

"கோவத்துல பிச்சா அந்த இடத்துல துணி தொளதொளன்னு தொங்கும்" என்றாள். "பஞ்சுக்குன்னு கூட்டி வெட்டின துணி அது. தொங்கல பாரு. பிரிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை உள்ள மடிச்சுத் தையல் போட்டிருக்கா. இந்த அரை மணி நேரத்துல, கையால. நான் சொல்லிக்குடுத்த தையல்டி அது."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பி, "உங்க வீட்டுப் பொண்ணு ஆடுறாங்களா? எதுங்க?" என்று கேட்டாள்.

டெய்லர் கையை நீட்டினாள். எங்கள் வரிசை, முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அதோ, கோணலா நிக்கிறாளே. அவதான் என் தங்கச்சி."

மேடையில் அந்தப் பெண் முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டாள். டான்ஸ் மேடம் பக்கவாட்டிலிருந்து கையை ஆட்டினாள். அவள் கண்டுகொள்ளவில்லை. ஆறு வருஷத்தில் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மற்றபடி அதே முகம்.

மாத்திரை எழுந்து வழிவிட்டாள். டெய்லர் போனாள். ஓடவில்லை, ஆனால் நடந்தாள் என்றும் சொல்ல முடியாது. நான் பின்னால் போனேன். எழுந்த வேகத்தில் பையிலிருந்து நழுவிய ஊசிப்பெட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறாளே, அதைக் கொடுக்கத்தான்.

மேடைக்குப் பின்னால் நீளமான அறை. கண்ணாடிகள், ஒப்பனை நீக்கும் பஞ்சு, செருப்புக் குவியல், ஒரே சத்தம். தங்கை கதவருகே நின்றிருந்தாள். உள்ளங்கையில் அந்தத் திண்டு. பிறைபோல வெட்டி, நாலு பக்கமும் சுத்தமாகத் தைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

டெய்லர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அது... கை தானா..."

"தெரியும்க்கா" என்றாள் தங்கை. "போட்டதும் தெரிஞ்சுது. கழட்டி எறியலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் நீ எந்திரிச்சு நின்னியா, இளைச்சுப் போயிட்டியேன்னு ஆயிடுச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அது கிடக்கட்டும். பாவாடையை என்ன இவ்வளவு இறுக்கமா தச்சிருக்க? மூச்சே விட முடியல. மத்தவளுங்களுக்கெல்லாம் தாராளமா இருக்கு."

"அளவு நீ குடுத்ததுதானே?"

"ரெண்டு இஞ்ச் குறைச்சுச் சொன்னேன். எல்லாரும்தான் சொன்னாங்க. ஊருக்கெல்லாம் கூட்டித் தைக்கிறவ எனக்குக் கூட்டமாட்டியா?"

டெய்லர் சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. பைக்குள் கையை விட்டு டேப்பை எடுத்தாள்.

"கையைத் தூக்கு" என்றாள்.

தங்கை சின்னப் பெண்போல இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் தணிந்தே நின்றது. டெய்லர் கிட்டே போய் டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

நான் ஊசிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒப்பனை கலைத்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். மாத்திரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி நடக்குது?" என்று கேட்டாள்.

"அளவெடுக்கிறா" என்றேன்.

ஓர் இடுப்பை அளக்க அவ்வளவு நேரம் ஆகாது.